சிவப்புக் கோட்டைத் தாண்டிய மழை

மழைப்பெட்டி மறுபடியும் தோற்றுப்போனது.

சோதனைக்கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று மாப்பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே, பெட்டி வெளியிடும் அலையைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு நல்ல பிள்ளையாகத் தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. பாதி வழியில் அதற்கு என்ன தோன்றியதோ, எழுந்தது. சிவப்புக் கோட்டைத் தாண்டி ஒரு குன்றாக நின்றது.

"போன தடவையைவிட வளர்ந்திருக்கு," என்றார் ஆன்டெனாக்காரர், குழந்தையை எடை போட்டுப் பார்த்தவர் மாதிரி.

"ஒயர்ல கறுப்பு வளையம் மாட்டச் சொன்னீங்களே சார். மாட்டியிருக்கேனே."

"மாட்டினது சரிதான். அங்கே அமுக்கினீங்க, இங்கே எழுந்திருச்சு. காத்தடிச்ச தலையணையில உக்கார்ந்த மாதிரி."

ஆன்டெனாக்காரருக்கு அந்தக் கூடத்தில் நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் மீன்முள் போன்ற ஒரு ஆன்டெனாவை அணைத்துக்கொண்டு நாள் முழுக்க அவர் அங்கும் இங்கும் நடப்பதைப் பார்த்த பிறகு வேறு பெயரில் நினைக்க மாப்பிள்ளையால் முடியவில்லை. மாப்பிள்ளைக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. மாமனாரின் தொழிற்சாலையில் சேர்ந்த நாளோடு அது வழக்கொழிந்துபோனது. வாயில் காவலாளி 'மாப்பிள்ளை சார்' என்றார். கணக்குப் பிரிவில் 'மாப்பிள்ளை' என்றார்கள். மாமனார் போன் செய்து "எங்க மாப்பிள்ளை வர்றார்" என்று சொல்லியிருந்ததால் சோதனைக்கூடத்து வருகைப் பலகையிலும் அப்படியே எழுதிவிட்டார்கள்.

"சட்டம் கேக்குறது ரெண்டே விஷயம் மாப்பிள்ளை சார்," என்றார் ஆன்டெனாக்காரர். "உங்க பெட்டி மத்த பெட்டிகளைத் தொந்தரவு பண்ணக் கூடாது. மத்த பெட்டிங்க தொந்தரவு பண்ணினா உங்க பெட்டி தாங்கிக்கணும். அவ்வளவுதான்."

மாமனார் வீட்டில் வாழ்வதற்கான விதியும் இதுதானே என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டார். அதில் அவர் தினமும் தேறிக்கொண்டுதான் இருந்தார். பெட்டிதான் தேற மாட்டேன் என்கிறது.

சோதனை அறையின் இரும்புக் கதவு திறந்தது. உள்ளே சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சுக் கூம்புகள். நடுவே ஒரு மரமேசை, அதன்மேல் மழைப்பெட்டி. அந்தக் கதவை மூடிவிட்டால் வெளியிலிருந்து ஒரு அலைகூட உள்ளே வராது. உள்ளே பிறப்பது எதுவும் வெளியே போகாது. மாப்பிள்ளைக்கு அந்த அறைமேல் ஓர் ஏக்கம் இருந்தது. அவரும் மனைவியும் குடியிருந்தது மாமனார் வீட்டில், ஹாலை ஒட்டிய அறையில். நடுவே இருந்தது சுவர் அல்ல, பலகை. ஹாலில் இருந்த டிவி மாமனாருடையது. அதன் சத்தமோ எல்லோருக்கும் பொது.

அந்தப் பலகையிலிருந்து தப்பிக்க ஒரு வழி பிறந்திருந்தது.

"குளிர் நாட்டு ஆர்டர் கப்பல் ஏறட்டும் மாப்பிள்ளை," என்று மாமனார் சொல்லியிருந்தார். "துறைமுகத்துக்குப் பக்கத்துல ஏற்றுமதி ஆபீஸ் போட்டுடலாம். நீங்களும் பொண்ணும் அங்கேயே போய் இருந்து பார்த்துக்கங்க. வீடுகூடப் பேசி வச்சிருக்கேன்."

மாப்பிள்ளையும் மனைவியும் அந்த வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை. ஹாலே இல்லை. அதுதான் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. மனைவி ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவு எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, "அங்கே போனதும் நாம மெதுவாப் பேசிக்கலாம். கத்த வேண்டாம்," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்ட ஒரே சொத்து அது.

குளிர் நாடோ, தன் எல்லைக்குள் வரும் எந்த மின் பெட்டியும் அலைச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்றது. தேறாவிட்டால் கப்பல் இல்லை. கப்பல் இல்லாவிட்டால் வீடு இல்லை.

*

மழைப்பெட்டி மாப்பிள்ளையின் சொந்தப் படைப்பு. அவர் படித்தது வரலாறு. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்; வேலை என்று ஒன்றும் கொடுக்கவில்லை. தொழிற்சாலையின் பின்கொட்டகையில், மூடிப்போன ஒரு பொம்மைத் தொழிற்சாலையிலிருந்து மாமனார் அடிமாட்டு விலைக்கு வாரிவந்த மோட்டார்கள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. சுற்றினால் உள்ளே பொறி பறக்கிற ரகம். அவற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில்தான் அந்த யோசனை வந்தது. ஒரு சிறு உருளை. அதற்குள் மணிகள். மோட்டார் உருளையைச் சுற்றும். மணிகள் சரிந்து சரிந்து விழும். மழை.

மழைக்கான மணியைத் தேடி அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடுகு போட்டால் தூறல்தான் வந்தது. மிளகு போட்டால் ஆலங்கட்டி. சிப்பித் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் ஒரு பக்குவத்தில் சேர்ந்தபோதுதான், ஓடு வேய்ந்த கூரையில் நிதானமாகப் பெய்யும் ஒரு நீண்ட மழை பெட்டிக்குள்ளிருந்து கேட்டது. அன்றைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர், காவலாளி வந்து கொட்டகையைப் பூட்ட வேண்டும் என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. பெட்டியின் மேல் அச்சடிக்கும் வாசகத்தையும் அவரே எழுதினார்: 'மழை வந்தால் வீடு கூடும்.'

பெட்டி விற்றது. சாதாரணமாக அல்ல, கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். "வீடே அடங்கிப்போச்சு" என்று வாங்கியவர்கள் சொன்னார்கள். ஒருவர் விடாமல் இதையே சொன்னார்கள். குளிர் நாட்டு வியாபாரி ஒருவர் ஒரு பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். போன வேகத்தில் அவரிடமிருந்து தகவல் வந்தது. 'என் பிள்ளைகள் அறையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் என்னோடு பேசினார்கள். கப்பல் நிறைய அனுப்புங்கள்.'

மாப்பிள்ளை இதை நம்பினார். தன் வீட்டிலேயே கண்ணால் பார்த்தாரே. சாயங்காலம் மனைவி அறையில் சுவிட்சைப் போடுவாள். மழை தொடங்கும். கொஞ்ச நேரத்தில் ஹால் சத்தம் ஓயும். மாமனார் எழுந்து வாசல்வரை உலாவிவிட்டு வந்து, "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்பார். அத்தை போனைக் கீழே வைத்துவிட்டுத் துணி மடிப்பார். மச்சான்கூட அறையை விட்டு வெளியே வந்து தன் பெண்ணோடு கேரம் ஆடுவான். மழைக்கு இளகாத மனசு உலகத்தில் இல்லை என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட பெட்டி, பச்சைக் குன்றோடு நின்றது.

*

"இரும்புப் பெட்டிக்குள்ள வச்சா அலை வெளியே வராதாம் மாமா," என்றார் மாப்பிள்ளை.

"வைங்க," என்றார் மாமனார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வைத்தார். குன்று பாதியாகக் குறைந்தது. ஆனால் மழை, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் ஆகிவிட்டது. சத்தம் வெளியே வருவதற்காகத் துளைகள் போட்டார். துளை வழியே மழையும் வந்தது, குன்றும் வந்தது.

"அது மட்டும் இல்ல," என்றார் ஆன்டெனாக்காரர், வருத்தத்தோடு. "இரும்புன்னா ஷாக் அடிக்கக் கூடாது. எர்த் ஒயர் வேணும். மூணு பின் பிளக் வேணும். அப்போ இது வேற வகை சாதனம். அதுக்கு வேற ஆபீஸ்ல வேற சோதனை."

"அதை முடிச்சுட்டு வந்தா?"

"மறுபடி இங்கே முதல்லேர்ந்து. எர்த் ஒயர்னு புதுசா ஒண்ணு சேர்த்துட்டீங்களே. ஒயர்னாலே அது ஒரு ஆன்டெனாதான்."

மாப்பிள்ளை இரும்பைக் கைவிட்டு, ஒயரைக் குறைத்தார். குறைத்துக் குறைத்து, பெட்டி சுவர் பிளக்கிலேயே தொங்க வேண்டிய நிலை வந்தது. குன்று அசையவில்லை. மச்சான் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"அத்தான், இதைக் கேக்கணும்னா சுவத்துல காதை வச்சுக்கிட்டு நிக்கணும் போலிருக்கே."

"சோதனைக்காகத்தான் மச்சான்."

"நான் அப்பவே சொன்னேன். வெளிநாடெல்லாம் நமக்கு எதுக்கு? இங்கேயே அடிச்சுப் பிடிச்சு வாங்குறானுங்க."

"குளிர் நாடு இல்லேன்னா வேற நாடு இருக்கே," என்று மாமனார் நடுவில் புகுந்தார். "உலகத்துல நாட்டுக்கா பஞ்சம்? விசாரிங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை விசாரித்தார். அதில்தான் அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தூக்கமும் போயிற்று. அடுத்தடுத்து இருக்கும் நாடுகள் ஒரே வீட்டுப் பங்காளிகள் மாதிரி, ஒன்று சொன்னதை இன்னொன்று ஒப்புக்கொள்வதாக இல்லை. ஒரு நாடு, நீங்களே சோதித்து நீங்களே கையெழுத்துப் போட்டு முத்திரையை ஒட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் நம்புகிறோம், பொய்யென்றால் பிடித்து உள்ளே போடுவோம் என்றது. இன்னொன்று, உங்கள் கையெழுத்தை நம்ப மாட்டோம், எங்கள் ஊர் ஆள் ஒருவர் உங்களுக்காகக் கையெழுத்துப் போட வேண்டும் என்றது. ஒரு தீவு, பெட்டி பிறரைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும், அதைப் பிறர் தொந்தரவு செய்தால் அது அதன் தலையெழுத்து என்றது. மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு நாடு, எங்கள் கூடத்தில்தான் சோதிப்போம், மாதிரி அனுப்புங்கள் என்றது. மாதிரியை அனுப்பினால், அனுமதி பெறாத சாதனம் என்று அதன் சுங்கத் துறை திருப்பி அனுப்பியது. இந்த விஷயத்தில் சட்டமே இல்லாத நாடு ஒன்று இருந்தது. மாப்பிள்ளை அதைக் கட்டிக்கொள்ளாத குறையாக மகிழ்ந்தார். சட்டம் இல்லை என்று அந்த நாட்டு அதிகாரி ஒருவர் சான்று தர வேண்டும் என்றார்கள். அந்த அதிகாரியின் பதவியை உருவாக்கும் சட்டம்தான் இன்னும் வரவில்லையாம்.

"நம்ம நாட்டுல?" என்று மாமனார் கேட்டார்.

"எழுதிக்கிட்டிருக்காங்களாம்."

"நிதானமா எழுதட்டும்," என்றார் மாமனார்.

எனவே குளிர் நாடுதான். மாப்பிள்ளை தாங்கும் சோதனைக்குத் தேதி வாங்கினார். தொந்தரவு செய்வதில் தேறாவிட்டாலும், தொந்தரவைத் தாங்குவதிலாவது பெட்டி தேறட்டும் என்று ஒரு நப்பாசை.

ஆன்டெனாக்காரர் மீன்முள் ஆன்டெனாவைப் பெட்டியை நோக்கித் திருப்பி, அலையைப் பாய்ச்சினார். சாதாரண மழை வலுத்தது. இன்னும் கொஞ்சம் பாய்ச்சினார். உருளை தறிகெட்டுச் சுற்ற, அறைக்குள் புயல் அடித்தது. இன்னும் கொஞ்சம் பாய்ச்சியபோது பெட்டி மேசையில் குதித்து நகர ஆரம்பித்தது. அவர் அவசரமாக நிறுத்தினார்.

கதவைத் திறந்து, பெட்டியை மேசை நடுவே நகர்த்தி வைத்தார்.

"விதிப்படி," என்றார் ஆன்டெனாக்காரர் கடைசியில், குரலைத் தாழ்த்தி, "ஒரு சாதனம் ஒழுங்கா வேலை செய்யுதுன்னா என்ன அர்த்தம்னு தயாரிக்கிறவங்களே எழுதிக் கொடுக்கலாம்."

மாப்பிள்ளைக்கு ஒளி பிறந்தது. கையேட்டில் ஒரு வரி சேர்த்தார்: 'அருகில் ஒலிபரப்புக் கோபுரம் இருந்தால் மழை வலுக்கலாம். அச்சம் வேண்டாம்.'

தாங்கும் சோதனையில் பெட்டி தேறியது. அவர் வாழ்க்கையில் அப்படி மகிழ்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த மகிழ்ச்சி அடுத்த சோதனைவரை நீடித்தது. துப்பாக்கி போன்ற ஒன்றை ஆன்டெனாக்காரர் பெட்டியின் மேல் வைத்து அழுத்தினார். நைலான் சட்டையைக் கழற்றும்போது தெறிக்குமே, அது மாதிரி ஒரு பொறி. பெட்டி ஒரு முறை விக்கிவிட்டு அடங்கிப்போனது. மழை நின்றது. திரும்பப் பெய்யவே இல்லை.

"இன்னொரு மாதிரி இருக்கா?" என்றார் ஆன்டெனாக்காரர்.

தொழிற்சாலையில் இருந்ததெல்லாம் கடைகளுக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று.

*

"முடியாது," என்றாள் மனைவி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"இதுதான் நீங்க முதன்முதல்ல பண்ணின பெட்டி. இது இருக்கிறதாலதான் இந்த வீட்டுல நாம நாலு வார்த்தை பேசிக்கறோம். இதையும் கொண்டுபோய்ச் சுடப் போறீங்களா?"

"நம்ம வீட்டுக்காகத்தான்மா. ஹால் இல்லாத வீடு."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்த திரைச்சீலைகள் மடித்தபடி அலமாரியில் இருந்தன. பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "மழையோட திரும்பி வாங்க," என்றாள்.

பெட்டி போன அன்றே வீடு சந்தைக்கடை ஆயிற்று. மாமனார் இரவு உணவைத் தட்டோடு டிவி முன்னால் கொண்டுவரச் சொன்னார். அத்தை போனில் ஒரு கல்யாண வீட்டை முழுவதும் வர்ணித்து முடித்துவிட்டு, இன்னொரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தார். மச்சான் அறைக்குள் போனவன் வரவில்லை. அவன் பெண் கேரம் காய்களைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். மழை இல்லாமல் மனிதர்கள் எப்படி வறண்டுபோகிறார்கள் என்று மாப்பிள்ளை எண்ணிக்கொண்டார்.

"பரவாயில்லையே," என்றார் மாமனார் ஹாலிலிருந்து. "புது கேபிள்காரன் தேவலை. சாயங்காலத்துல படம் தெளிவா வருது."

பலகைக்கு இந்தப் பக்கம் மனைவி என்னவோ கேட்டாள்.

"என்ன?" என்றார் மாப்பிள்ளை.

அவள் மறுபடி கேட்டாள். டிவியில் யாரோ யாரையோ பதவி விலகச் சொன்னார்கள்.

"என்னம்மா சொல்றே?"

"ஒண்ணுமில்ல," என்று கத்திவிட்டு, அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

*

"இனி ஒளிச்சுப் பேச எதுவும் இல்ல," என்றார் ஆன்டெனாக்காரர். பெட்டியைத் திறந்து, ஒரு மருத்துவரின் பொறுமையோடு உள்ளே பார்த்தார். "வளையம், இரும்பு, ஒயர் எல்லாம் மேல்பூச்சு. நோய் இந்த மோட்டார்ல இருக்கு. சுத்தச் சுத்தப் பொறி பறக்குது பாருங்க. ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். இதைத் தூக்கிப் போட்டுட்டு, பொறி இல்லாத நல்ல மோட்டார் போடுங்க."

"மாமனார் மூட்டை மூட்டையா வாங்கி வச்சிருக்காரே சார்."

"அது உங்க குடும்ப விஷயம். எனக்குத் தெரிஞ்சது அலை மட்டும்தான்."

மாப்பிள்ளை ஒரு நல்ல மோட்டாரை எங்கெங்கோ தேடிப் பிடித்து, முதல் பெட்டியில், தன் கையாலேயே பொருத்தினார். பழையது கரகரவென்று உறுமும். புதியது இருக்கிற இடமே தெரியவில்லை. மணிகள் விழும் ஒலி மட்டும், கழுவி வைத்ததுபோல் கேட்டது. இத்தனை நாள் உறுமலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மழை இதுதானா என்று அவருக்கே உடம்பு சிலிர்த்தது.

இரும்புக் கதவு மூடியது. பச்சைக் கோடு இடப்பக்கத்தில் புறப்பட்டது. தரையோடு தரையாக வந்தது. குன்று இருந்த இடத்தை நெருங்கியது. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

"திறங்க," என்றார் ஆன்டெனாக்காரர்.

பச்சைக் கோடு வலது ஓரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. குன்று இல்லை. மேடுகூட இல்லை. அடுத்துப் பொறித் துப்பாக்கியை வைத்து அழுத்தியபோதும் மழை நிற்கவில்லை.

"நான் இந்த வேலைக்கு வந்ததிலேர்ந்து இவ்வளவு அமைதியான பெட்டியைப் பார்த்ததில்ல மாப்பிள்ளை சார்," என்று அவர் கை கொடுத்தார். "இது யாரையும் எதுவும் பண்ணாது. பக்கத்துல இருக்கிறதே தெரியாது. ஒரே ஒரு விஷயம், இனிமே தயாராகிற ஒவ்வொண்ணும் இதே மாதிரிதான் இருக்கணும். பழைய மோட்டார் ஒண்ணு கலந்துபோச்சுன்னாலும் அனுமதி ரத்து."

அந்தக் கடைசி வாக்கியம்தான் மாப்பிள்ளையை ஒரு மாவீரனாக மாற்றியது.

அன்று மாலை ஹாலில், வாழ்க்கையிலேயே முதல் முறையாக, அவர் டிவியின் முன்னால் போய் நின்றார். மாமனார் தலையை இடப்பக்கம் சாய்த்தார். மாப்பிள்ளையும் சாய்ந்தார்.

"மாமா, வெளிநாட்டுக்கு ஒண்ணு, உள்ளூருக்கு ஒண்ணுன்னு ரெண்டு விதமாப் பண்ணினா என்னிக்காவது கலந்துடும். எல்லாப் பெட்டிக்கும் புது மோட்டார்தான் போடணும். ரிப்பேருக்கு வர்ற பெட்டிக்கும் அதேதான். பழைய மூட்டையெல்லாம் வெளியே போகணும்."

"ஓடுற குதிரைக்குக் காலை மாத்தணும்கிறீங்களா அத்தான்?" என்றான் மச்சான்.

"இதைக் கேட்டுப் பாருங்க," என்று மாப்பிள்ளை பெட்டியைப் பிளக்கில் செருகினார்.

மழை பெய்தது. டிவி சத்தத்தைத் தாண்டி யாருக்கும் அது சரியாகக் கேட்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை நின்ற நிலையைப் பார்த்து மாமனார் கொஞ்சம் அசந்துதான் போனார். குளிர் நாட்டு முத்திரை வேறு பெட்டியின் அடியில் பளபளத்தது.

"சரி," என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. செய்தி போயிட்டிருக்கு."

மோட்டார் மூட்டைகள் பழைய இரும்புக்காரரின் லாரியில் ஏறின. நேரே உருக்காலைக்குப் போவதாக அவர் சொன்னார். பொறி பறக்கும் மோட்டார் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று மாப்பிள்ளை மூலை முடுக்கெல்லாம் பெருக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். கப்பல் புறப்பட்டது. மனைவி திரைச்சீலைகளைப் பயணப்பெட்டியில் அடுக்கினாள். முதல் பெட்டி படுக்கையறைக்குத் திரும்பி வந்திருந்தது. சாயங்காலம் அவள் சுவிட்சைப் போட்டாள். இருவரும் காத்திருந்தார்கள். மழை பெய்துகொண்டே இருந்தது. ஹாலில் டிவியும் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னங்க, யாருமே அடங்கலையே," என்று அவள் அவர் காதருகே கத்தினாள்.

"புது மழை. பழகணும்," என்று அவர் பதிலுக்குக் கத்தினார்.

*

முதலில் கடைக்காரர்கள் வருவது நின்றது. பிறகு வந்தார்கள், பெட்டிகளோடு. ரிப்பேருக்குக் கொடுத்துப் புது மோட்டாரோடு வாங்கிப் போனவர்களும் திரும்ப வந்தார்கள். "முன்ன மாதிரி இல்ல" என்றார்கள். என்ன குறை என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்னமோ, வீடு அடங்கலை" என்றார்கள்.

குளிர் நாட்டிலிருந்தும் தகவல் வந்தது. 'பெட்டிகள் எங்கள் விதிகளுக்கு முழுவதும் உட்பட்டவை. எங்கள் அதிகாரிகள் மிகவும் பாராட்டினார்கள். என் பிள்ளைகள் மறுபடி அறைக்குள் போய்விட்டார்கள். வாங்கியவர்களும் இதையே சொல்கிறார்கள். எல்லாவற்றையும் திருப்பி அனுப்புகிறேன்.'

மாமனார் கோபப்படவில்லை. அதுதான் மாப்பிள்ளையைக் கொன்றது. "வீட்டை விட்டுக் கொடுத்துட்டேன் மாப்பிள்ளை," என்றார். "வேற யாரோ கேட்டாங்க. நம்ம அறை எங்கேயும் போகலையே."

மனைவி எதுவும் சொல்லவில்லை. சொன்னாளோ என்னவோ, டிவி ஓடிக்கொண்டிருந்தது. திரைச்சீலைகளைப் பிரித்து அந்தப் பலகைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஆணியடித்து மாட்டினாள். சத்தம் குறையவில்லை. பலகைதான் மறைந்தது.

மறுநாள் மாப்பிள்ளை தொழிற்சாலையின் முன்னறையில், திரும்பி வந்த பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொன்றாகப் பிளக்கில் செருகிக் கேட்டார். ஒன்றிலும் குறை இல்லை. தூறலில் தொடங்கி, சாரலாகி, ஓட்டுக் கூரையில் நின்று நிதானமாகப் பெய்தது. இதைவிட நல்ல மழையை அவரால் செய்ய முடியாது. எவராலும் முடியாது. பிறகு ஏன்?

வாசலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அம்மா ஒருத்தி நின்றிருந்தாள். காக்கிச் சட்டை, கையில் பெட்டி. பஸ்ஸை வெளியே நிறுத்திவிட்டு வந்திருந்தாள்.

"வாங்கம்மா. மழை சரியாக் கேக்கலையா?"

"கேக்குது சார். முன்னைவிட நல்லாவே கேக்குது."

"பின்னே என்னம்மா? எதுவா இருந்தாலும் மனசு விட்டுச் சொல்லுங்க. நான்தான் இந்த மழையைப் பண்ணினவன். சிப்பி, கண்ணாடி மணி, ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் போட்டுப் பண்ணினேன். பழைய பெட்டியில இருந்த எந்த மழை இதுல இல்ல? கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுச் சொல்லுங்க."

அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கு என்னவோ போலிருந்தது. மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு, மழை முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள்.

"மழையா சார் இது? அந்த இரைச்சலை நாங்க இத்தனை நாளாப் பொறுத்துக்கிட்டதே, சுவிட்சைப் போட்டா வீட்டுல டிவியும் போனும் செத்துப் போகுதேன்னுதான்."